பாறைக் குழியில் பன்னிரண்டு சிங்கிகள்

1

இன்று காலை அந்தப் பெட்டி மறுபடியும் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டது.

போன வருஷம் வந்த அதே பெட்டிதான். பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி, மேலே ஒரு தாள் நுழையும் அளவுக்குக் கீறல், முன்னால் பித்தளைப் பூட்டு. இரண்டு போலீஸ்காரர்கள் லோரியிலிருந்து இறக்கி, பெரட்டுக் களத்தில் ஆள் பேர் கூப்பிடுகிற மேசைமேல் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் தாள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு இங்கிருந்து யார் சோறு கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதலாம். பெயர் போட வேண்டாம். தெரியாதவர்கள் வெறும் தாளை மடித்துப் போட்டால் போதும். ஆனால் எல்லா வீடும் போட்டாக வேண்டும். அப்போதுதான் எழுதினவன் யார், எழுதாதவன் யார் என்று எவனுக்கும் தெரியாதாம். நாளைக் காலை பெட்டியை எடுத்துப் போய்விடுவார்கள்.

ஊரில் நம் படிப்பகத்தில் உட்கார்ந்து இதைக் கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நான் போட்டது வெறும் தாள் இல்லை. நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரியால் என் தங்கை செல்லம்மாவின் புருஷன் நாகலிங்கம் ஒரு வருஷமாகத் தடுப்பு முகாமில் கிடக்கிறான். அவனை வெளியே விடுவதா, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதா என்று இந்த மாதம் முடிவு செய்கிறார்களாம். அனுப்பினால் செல்லம்மாவும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் பின்னாலேயே போக வேண்டியதுதான். பிள்ளைகள் பிறந்தது இந்த லயத்தில். எழுதியது நான் என்று செல்லம்மாவுக்குத் தெரியாது.

நாகலிங்கத்தின் தகப்பனாரும் படிப்பகத்துக்கு வருகிறவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

2

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது என்று என் பெண்சாதி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பாள். சரிதான். கடைக்காரர் நிறுக்கும்போது நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பேன். இன்றைக்கு மழை வரும் என்று ஒருத்தன் சொன்னால், இதில் இவனுக்கு என்ன லாபம் என்று யோசிப்பேன். முன்பெல்லாம் இந்தக் குணத்துக்காக என்னைக் கேலி செய்வார்கள். காட்டுக்காரர்களை அடக்க அவசரகாலம் என்று ஒன்று வந்தது, நாடு முழுக்க என்னைப்போல ஆகிவிட்டது. இப்போது எவனும் கேலி செய்வதில்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் காளிமுத்து. நம் கடற்கரையை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த மலாய் நாட்டில், சுவா என்கிற ஊருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் தோட்டத்தில் மண்டோர் வேலை. பால் வெட்டுகிறவர்கள் ஒழுங்காக வெட்டுகிறார்களா என்று பார்ப்பது, அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி இரண்டு வரிசை முள்ளுக்கம்பி. காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள், மாலை ஆறுக்கு அடைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறு வெளியே எடுத்துப் போகக் கூடாது. காட்டுக்குப் போய்விடுமாம். பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சைக்கிள் சீட்டைக் கழற்றி, குழாய்க்குள் அரிசி கொட்டி வைத்திருக்கிறோமா என்று கம்பி விட்டுக் குத்துவார்கள். பெண்களின் கொண்டையை ஒரு பெண் போலீஸ் அவிழ்த்து உதறுவாள். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார். ஓட்டை போட்ட டின் காட்டில் தாங்காதே. வேலை முடிந்து பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பும்வரை எல்லாருக்கும் வயிறு காந்தும். போன வாரம் கேட்டில் ஒரு சின்ன வயது போலீஸ்காரன் என் சட்டைப் பையில் கை விட்டான். உள்ளே ஒரே ஒரு காய்ந்த இறால் ஓடு இருந்தது. எப்போது போனதோ, எந்தக் காலத்துச் சட்டையோ. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான்.

பேச்சும் மாறிப்போயிற்று. தம்பிக்கு எழுதின கடிதத்தில், ‘பாசாருக்குப் போனேன், ஜாலான் எல்லாம் சேறு’ என்று எழுதியிருக்கிறேன். சந்தையும் சாலையும் எனக்கே மறந்துபோயிருக்கிறது. கடிதத்தை வழியில் பிரித்துப் படித்தவன் இதைச் சங்கேதம் என்று நினைத்திருப்பானோ என்று ஒரு மாதம் பயந்தேன். அதனால் இந்தக் குறிப்புகளைத் தபாலில் போடப் போவதில்லை. ஊருக்குக் கப்பலேறும் ஓர் ஆள் கையில் கொடுத்தனுப்புவேன். அந்த ஆளையும் நான் முழுக்க நம்பவில்லை.

3

நாகலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கடல் வேண்டாம் என்று ஓடிவந்தவன். அவன் கடலை விட்டால் செத்துப்போகிற ஜாதி. பால் வெட்டவிட்டால் மரத்தைக் காயப்படுத்திவிடுவான். அவனை ஏசி ஏசி என் தொண்டைதான் காய்ந்தது. ஒருநாள் எங்கள் தோட்டத்துத் தொரையின் பங்களாவுக்குச் சிங்கி இறால் கொண்டுபோய்க் கொடுத்தான். தொரை தின்று பார்த்துவிட்டு, இவன் மரத்துப் பக்கமே போக வேண்டாம், கடலுக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார். போலீசில் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்ததும் தொரைதான். காலையில் கேட் திறந்ததும் சைக்கிளில் போவான், மாலையில் அடைக்கும் முன் வந்துவிடுவான். பாக் சூ என்று ஒரு மலாய்க்காரரின் பாய்ப் படகு. இரண்டு பேரும் கூட்டு.

படகின் பின்னால் கட்டி, கடல் தரையோடு இழுத்துப் போகிற மடிவலை உங்களுக்குத் தெரியும். வாயை விரித்துப் பிடிக்க ஒரு கழி, அடியில் ஈயக் குண்டு, பின்னால் பை. அதே வலையை இங்கே வந்து தன் கையாலேயே முடைந்தான். முடைந்து முடித்த அன்று பார்க்கப் போனேன். வலைக் கண்ணுக்குள் என் மூன்று விரல் ஒன்றாகப் போய் வந்தது.

"என்ன மாப்பிள்ள, வலைய பின்னுனியா, வேலி கட்டுனியா?"

"சின்னதெல்லாம் போவட்டும் மச்சான். அடுத்த வருசம் பெருசா வரும்லா."

"உன்கிட்டதான் வருவேன்னு அது எழுதிக் குடுத்துச்சா?"

அவன் சிரித்தான். "எனக்கு வராட்டி பாக் சூவுக்கு வரும். அவருக்கு வராட்டி இன்னொருத்தனுக்கு. வந்தா போதும்லா."

அவன் தொழிலே அப்படித்தான். ஒரு தடவை மடியை இறக்கினால் கொஞ்ச நேரம்தான் இழுப்பான், மேலே தூக்கிவிடுவான். அதிக நேரம் இழுத்தால் பைக்குள் கிடப்பது நசுங்கிச் செத்துப்போகும், செத்ததைத் திரும்ப விட்டு என்ன பயன் என்பான். புல் முளைத்த தரையில் மடி இறக்க மாட்டான். ஒரு இடத்தில் இரண்டு நாள் இழுத்தால் பிறகு பத்து நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். மற்றப் படகுக்காரர்கள் சுண்டுவிரல்கூட நுழையாத வலையைப் போட்டு, கிடைத்ததையெல்லாம் வழித்துக்கொண்டு வருவார்கள். இவன் பாதிக் கூடையோடு வந்து பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். குறைத்துப் பிடிக்கிறவன் சந்தோஷமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வராதா? மீதியை இவன் எங்கே கொண்டுபோய் வைக்கிறான் என்று அன்றைக்கே மனசில் ஒரு முள் விழுந்துவிட்டது.

நம் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். சினைச் சிங்கி, அதாவது வயிற்றுக்கடியில் முட்டைக் கொத்தோடு வருகிற பெட்டை, மடியில் வந்துவிட்டால் பிடித்த இடத்திலேயே கடலில் விடுவோம். தூக்கி எறியக் கூடாது. படகு விளிம்பில் குனிந்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, அது தானாக நழுவிப் போகும்வரை கையை விரித்து வைத்திருக்க வேண்டும். என் அப்பா புயல் வருகிற நேரத்திலும் அப்படித்தான் செய்தார். எனக்கு இது பிடிக்காது. படகு ஆடுகிற ஆட்டத்தில் இது என்ன சீராட்டு என்று கோபம் வரும். சினைச் சிங்கியைக் கரைக்குக் கொண்டுவந்தவன் என்று நம் ஊரில் ஒருத்தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. இந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் வினையாகப் போயிற்று.

4

ஒரு விடுமுறை நாளில் மீன் வாங்கலாம் என்று கடற்கரைக்கு சைக்கிள் மிதித்தேன். பகல் பத்து மணி இருக்கும். மீன் விற்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் சதுப்பு மரங்கள், அதைத் தாண்டினால் கறுப்புப் பாறைகள். அங்கே மனுஷ நடமாட்டமே இருக்காது. பாறைக்கு அந்தப் பக்கம் நாகலிங்கத்தின் படகு ஒதுங்குவதைப் பார்த்தேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஏன் ஒளிந்தேன் என்று கேட்காதீர்கள், அது என் சுபாவம்.

இலை போட்டு மூடிய ஒரு மூங்கில் கூடையை இரண்டு கையாலும் தூக்கி வந்தான். பாறைகளுக்கு நடுவில் கடல் தண்ணீர் வந்து போகிற ஒரு குழி. கூடையை அதற்குள் இறக்கினான். மேலே கல்லை ஏற்றினான். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். படகுக்குப் போய்விட்டான்.

நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். உள்ளே இருப்பது விற்கிற சரக்கு என்றால் விற்கிற இடத்துக்குப் போயிருக்கும். சினையாக இருந்தால் நடுக்கடலிலேயே விட்டிருப்பான், நம் ஊர்க்காரன் ஒருநாளும் அதைக் கரைக்குக் கொண்டு வர மாட்டான். விற்கவும் இல்லை, விடவும் இல்லை. சதுப்பிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை நேராகக் காட்டுக்குள் போகிறது. வேறு என்ன இருக்கிறது?

இரண்டு நாள் கழித்து, லயத்துக் குழாயடியில் மெதுவாகக் கேட்டேன்.

"பாறைப் பக்கம் என்ன மாப்பிள்ள வேலை?"

அவன் முகம் மாறிவிட்டது. "நீங்க பாத்தீங்களா? ஐயோ மச்சான், யார்கிட்டயும் வாயத் தொறந்துறாதீங்க. தெரிஞ்சா எவனாச்சும் வந்து அள்ளிட்டுப் போயிருவான்."

"என்னா வச்சிருக்க?"

"அப்புறம் சொல்றேன். நீங்க சிரிப்பீங்க."

செல்லம்மா குடத்தோடு வந்துவிட்டாள். அவன் பேச்சை மாற்றினான். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் பெட்டி வந்துவிட்டது.

நான் எழுதினது காட்டிக்கொடுக்கிற ஆசையில் இல்லை. பயத்தில். கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோரைக் காட்டுக்காரர்கள் சுட்டுப் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு. இன்னொரு தோட்டத்தில் ஒருத்தன் அரிசி கடத்தியதற்கு லயம் முழுக்க அரிசியைக் குறைத்துவிட்டார்கள் என்று பேச்சு. அதற்கெல்லாம் மேலே என் மகன் சண்முகம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, பட்டணத்தில் போலீஸ் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, அப்போதுதான் சேர்ந்திருந்தான். மாமன்காரன் காட்டுக்குச் சோறு போடுகிறவன் என்று நாளைக்கு வெளியே வந்தால் இவன் கதி என்ன? இப்படியெல்லாம் யோசித்தேன். நாகலிங்கத்தை உட்காரவைத்து இன்னொரு தடவை கேட்போம் என்று மட்டும் யோசிக்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்டு, அவன் சொல்லி, அதை நான் நம்ப வேண்டுமே! நம்புவதுதான் எனக்கு வராத வேலை.

5

பத்து நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு, கேட்டில் வைத்தே அவனைப் பிடித்தார்கள். சைக்கிளில் மீன் கூடையோடு வந்துகொண்டிருந்தான். செல்லம்மா ஓடி வந்து லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். கையை ஒரு போலீஸ்காரன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். நாகலிங்கம் அவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் என்னைத் தேடினான். "மச்சான், புள்ளைங்கள பாத்துக்குங்க!" என்று கத்தினான்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நான் எழுதினது சரிதானா என்று இப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, பாருங்கள், என் புத்தியை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். கல்லைத் தள்ளிக் கூடையைத் தூக்கி மூடியைத் திறந்தேன்.

உள்ளே பன்னிரண்டு சிங்கிகள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் சினை. சிலவற்றுக்கு முட்டை செம்மஞ்சளாக இருந்தது, சிலவற்றுக்குக் கறுத்து, இன்னும் ஓரிரு நாளில் பொரிக்கிற பக்குவத்தில் இருந்தது. மூலையில் தின்பதற்குச் சின்ன மீன் துண்டுகள் போட்டிருந்தான்.

நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். நாலு படகு ஒன்றன்பின் ஒன்றாக, சுண்டுவிரல் நுழையாத வலையை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே பிடித்த இடத்திலேயே விட்டால், பின்னால் வருகிற படகு அதைத் திரும்ப வாரிக்கொண்டு போய்விடும். நம் ஊர்க் கடலில் பின்னால் வருகிறவனும் விடுவான், இங்கே விட மாட்டான். அதனால் முட்டை பொரிக்கிறவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறான். நான் சிரிப்பேன் என்று அவன் சொன்னது இதைத்தான்.

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பாவிப் பயலே, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவனை ஏசினேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். அவன் வராவிட்டால் இவை கூடைக்குள்ளேயே பசித்துச் சாகுமே என்று தோன்றியது. பாறையின் கடல் பக்கம், வலை எட்டாத இடுக்கில் இறங்கினேன். ஒவ்வொன்றாக எடுத்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, தானாக நழுவிப் போகிறவரை கையை விரித்து வைத்திருந்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகு கை அதுவாகச் செய்தது. பன்னிரண்டையும் விட்டேன். காலிக் கூடையைப் பழையபடி குழியில் வைத்துவிட்டு, என்னவோ பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரி மனம் லேசாகி, கேட் அடைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சாயந்திரம் செல்லம்மா போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து என் வாசலில் உட்கார்ந்தாள்.

"அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம்ணே. பாறைக்குப் போயி கூடைய தொறந்து பாருங்கய்யா, சினைய காப்பாத்தத்தான் வச்சிருக்கேன், பாத்தா ஒங்களுக்கே தெரியும்னு. காலைல போயிப் பாத்தாங்களாம்."

"ம்."

"காலியா இருந்துச்சாம். காட்டுக்காரனுங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டானுங்கன்னு எழுதிட்டாங்களாம்."

கூடைக்குள் இருந்தது என்ன என்று பாக் சூவுக்கும் தெரியும்தான், ஆனால் கூட்டாளி பேச்சை யார் எடுப்பார்கள்? அவரையும் இரண்டு நாள் உட்காரவைத்து அனுப்பினார்கள். நாகலிங்கத்தைக் காப்பாற்ற இருந்தது அந்தப் பன்னிரண்டு உயிர்தான். அதை என் கையாலேயே கடலில் விட்டுவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் எழுதினது யார் என்று கேட்பார்கள். போலீஸ் என்னைப் பிடிக்கும், காட்டுக்காரன் என்னைத் தேடுவான், லயத்தில் ஒருத்தன் என்னோடு பேச மாட்டான், செல்லம்மா மண்ணை வாரித் தூற்றுவாள். நாளைக்குச் சொல்வோம் என்று படுத்தேன். ஒரு வருஷம் போய்விட்டது.

6

செல்லம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகாமிலிருந்து வருகிற கடிதத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு கடிதத்தில் நாகலிங்கம் இப்படி எழுதியிருந்தான்: ‘கூடை எப்படிக் காலியாச்சுன்னு எனக்கு விளங்கவே இல்லை. மச்சானைக் கேட்டுப் பார். அவருக்குக் கடல் தெரியும்.’

"என்னாண்ணே, எப்படிப் போயிருக்கும்?" என்று அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"மூடி நெகிழ்ந்திருக்கும்" என்றேன்.

"கல்லு வச்சிருந்தாரே."

"அலை தள்ளியிருக்கும்."

அவள் நம்பினாள். என்னை மாதிரி ஒருத்தனுக்கு இப்படி நம்புகிற ஒரு தங்கை.

மகன் விஷயம் வேறு. சண்முகம் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கினான். வாரா வாரம் வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு அதுவும் இல்லை. வந்தாலும் நான் தமிழில் கேட்பதற்கு மலாயில் பதில் சொல்வான். கரண்டியால் சோறு தின்னப் பழகியிருந்தான். பிள்ளைகள் கை நழுவிப் போகிறார்கள் என்று முன்பு அனுப்பின குறிப்புகளிலும் புலம்பியிருக்கிறேன். எவளையாவது பார்த்துவிட்டானோ, லயத்து நாற்றம் பிடிக்காமல் போயிற்றோ என்று எத்தனையோ சந்தேகம் பட்டேன். சரியான சந்தேகம் ஒன்று மட்டும் படவில்லை.

போன தீபாவளிக்கு வந்தான். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஏன்டா, கறி பிடிக்கலையா?"

"அப்பா, ஆபீசுல எனக்கு என்ன வேலைன்னு எப்பயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"டைப் அடிக்கிற வேலை."

"பெட்டியில வர்ற தமிழ்த் தாளெல்லாம் இங்கிலீஷ்ல டைப் அடிக்கிற வேலை."

அவனுக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"பாத்துட்டு அப்பயே கிழிச்சுப் போட்டிருக்கலாமேடா" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க எழுதியிருந்தா உண்மையாத்தான் இருக்கும்னு நெனைச்சேம்பா. மாமாவாச்சேன்னு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். ஆனா எங்கப்பா ஒண்ணுக்குப் பத்துவாட்டி பாக்காம எழுத மாட்டாருன்னு டைப் அடிச்சேன்."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "பாயசம் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டேன். அவன் கை கழுவிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

7

மேலே இருப்பதை எழுதி முடித்து நிமிர்ந்தபோது மணி மூன்று. செல்லம்மா வாசலில் நின்றாள். வீட்டுக்குப் பின்னால் களை வெட்டிவிட்டு அப்படியே வந்திருக்கிறாள், கணுக்காலெல்லாம் மண். கையில் அவள் வீட்டுத் தாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு எழுதணும்."

"வெறும் தாளைப் போட்டா போதும்மா."

"இல்ல. எழுதுங்க. எம்புருசன் மேல எழுதிப் போட்டவன் யாருன்னு கேட்டு எழுதுங்க. அவனை எம்முன்னால கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்க. நான் அடிக்க மாட்டேன், ஏச மாட்டேன். கூடையில என்ன இருந்துச்சுன்னு பாத்தியாடான்னு ஒரு வார்த்தை கேக்கணும்."

தாளை வாங்கி மேசைமேல் வைத்தேன். பேனாவை எடுத்தேன். அதே பேனாதான். என் வீட்டுத் தாளும் பக்கத்தில் மடிக்காமல் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, "என்னாண்ணே, மை இல்லையா?" என்று கேட்டாள்.

அவளுடைய தாளை ஒதுக்கிவிட்டு என் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தேன். பாறை, குழி, கூடை, மரத்துக்குப் பின்னால் நான் நின்றது, பிறகு பன்னிரண்டையும் விட்டது. ஒரு பக்கம் முழுக்க வந்தது. கீழே பெயரையும் அடையாளக் கார்டு நம்பரையும் போட்டேன். போட்டுவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் நிறுத்தவே இல்லை.

படித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"கூடைய தொறந்தது நீங்களா?"

"ஆமா."

"எத்தனை இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"பன்னெண்டு."

"எல்லாம் முட்டையோடவா?"

"எல்லாம்."

"அவரு அதைத்தானே சொன்னாரு" என்றாள். பிறகு எழுந்து, தன் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதுலயும் அதையே எழுதுங்க."

"இது ஒன்னோட தாளும்மா. நீ கேட்டதை எழு..."

"ஒருத்தன் எழுதினா நம்ப மாட்டானுங்க. அவரு சொன்னதை நம்புனானுங்களா? ரெண்டு தாளா இருக்கட்டும். பேரு போடுங்க. கீழ எங்கையால ரேகையும் வைக்கிறேன்."

எழுதினேன். ஒரு வார்த்தை விடாமல் அதையே எழுதினேன். கட்டை விரலில் மையைத் தடவி ஓரத்தில் அழுத்தினாள். என்னைத் தொடாமல் இரண்டு தாளையும் எடுத்து மடித்தாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு வர்றவரைக்கும் கடுதாசிய நீங்களே படிச்சுச் சொல்லுங்க. வேற ஆளு இல்ல எனக்கு. வந்தப்புறம் எங்க வீட்டுப் படி ஏறாதீங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரட்டுக் களத்தைக் கடந்து போனாள், போலீஸ்காரன் விலகி வழி விட்டான், இரண்டையும் ஒவ்வொன்றாகக் கீறலுக்குள் தள்ளினாள். உள்ளே விழுந்ததா என்று பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். சந்தேகப்பட இப்போது அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள், நான் கற்றுக்கொடுத்ததுதான்.

நாளைக் காலை பெட்டி பட்டணத்துக்குப் போகும். தமிழ்த் தாள்களைப் பிரித்து சண்முகத்தின் மேசையில் வைப்பார்கள். போன தடவை மாதிரி இது யார் கையெழுத்து என்று அவன் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பெயர் போட்டிருக்கிறேன். அதையும் சேர்த்து அவன்தான் டைப் அடிக்க வேண்டும்.